பழைய வண்டியில் யாரோ மாற்றிப் போட்ட முன் பிரேக்: இது எந்தக் காலிப்பர், எப்படிப் பராமரிப்பது?

இரட்டைடிஸ்க்

வணக்கம் நண்பர்களே. 1980களில் வந்த ஜப்பானிய மோட்டார் சைக்கிள் ஒன்று பல கை மாறி இப்போது என்னிடம் இருக்கிறது. முன்னால் இரண்டு டிஸ்க். கம்பெனி கொடுத்தது ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பாகம்). ஆனால் வண்டியில் இப்போது இருப்பது நான்கு பிஸ்டன் காலிப்பர். முன்பு வைத்திருந்த யாரோ அலுமினியப் பட்டையில் பிராக்கெட் செய்து மாட்டியிருக்கிறார்கள். மேலே கறுப்புப் பெயின்ட் தடிமனாக அடித்திருப்பதால் எந்த எழுத்தும் தெரியவில்லை. லீவர் பக்கத்தில் பிரேக் ஆயிலை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டரும் மாறியிருக்கிறது. லீவரும் வெளியே வாங்கிய குட்டை லீவர்.

பிரச்சினை இரண்டு. லீவர் கல் மாதிரி இருக்கிறது, அழுத்தினால் பிரேக் போதுமான அளவு பிடிப்பதில்லை. அரை மணி நேரம் ஓட்டினால் முன் சக்கரம் இழுக்க ஆரம்பிக்கிறது, வண்டியைத் தள்ளவே கஷ்டமாக இருக்கிறது. ஆற விட்டால் ஓரளவு சரியாகிறது. சீல் கிட் (பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்கள்) வாங்கலாம் என்றால் இது எந்த வண்டியின் காலிப்பர் என்றே தெரியவில்லை. வழி சொல்லுங்கள்.

ஸ்பேனர்பை

நான்கு பிஸ்டன் போட்டும் லீவர் கல் மாதிரி இருந்தால் மாஸ்டர் சிலிண்டர்தான் காரணம். சைஸ் பெரிதாகப் போட்டிருப்பார்கள். சின்ன மாஸ்டர் மாற்றுங்கள், வேலை முடிந்தது.

வெர்னியர்

அவசரப்பட வேண்டாம். மாஸ்டர் பெரிதாக இருக்க வாய்ப்பு உண்டு. ஆனால் பிஸ்டன்கள் இறுகியிருந்தாலும் இதே கல் லீவர்தான் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பாகம் வாங்கினால் காசும் போகும், பிரச்சினையும் அப்படியே இருக்கும்.

முதலில் அடையாளம். பெயரைத் தேடுவதை விட அளவை எடுங்கள். எடுக்க வேண்டியவை இவை:

காலிப்பரைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளின் மையத்திலிருந்து மையம் எவ்வளவு தூரம்? 40 மி.மீ. என்றால் பழைய பிரெம்போ நான்கு பிஸ்டன் வகை. அதில் 30, 34 என்று பிஸ்டன் அளவைக் காலிப்பர் உடம்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். 100 மி.மீ. என்றால் யமஹாவின் சுமிட்டோமோ வகையாக இருக்கலாம். போல்ட் எந்தத் திசையில் போகிறது என்பதையும் பாருங்கள். சக்கர அச்சுக்கு இணையாக, பக்கவாட்டில் போனால் பழைய முறை. டிஸ்க்கின் தளத்திலேயே, பின்பக்கத்திலிருந்து முன்னோக்கிப் போனால் ரேடியல். ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் வண்டிகளில் ரேடியல் 2003-இல் வந்தது, காவாசாகி இசட்எக்ஸ்-6ஆர், சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்1000 இரண்டும் அந்த வருடம். ரேடியலாக இருந்தால் 100 மி.மீ. கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், அதிலும் 100 உண்டு, 108-ம் உண்டு.

அடுத்து, டிஸ்க்கை உரசும் பேடைக் கழற்றி பிஸ்டனின் வெளி விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் எடுங்கள். நான்கும் ஒரே அளவா, இரண்டு பெரிது இரண்டு சிறிதா? பிஸ்டன் அளவும் பேடின் வடிவமும் சேர்ந்தால் சீல் கிட், பேட் இரண்டுக்கும் பட்டியலில் தேடிவிடலாம். காலிப்பர் பெயர் அப்புறம் தானாக வரும்.

மாஸ்டர் சிலிண்டரின் அடிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்கள். 14, 5/8, 11/16 என்று வார்ப்பிலேயே எண் இருக்கும். அதுதான் உள்விட்டம். 1/2 அங்குலம் 12.7 மி.மீ., 5/8 என்றால் 15.87, 11/16 என்றால் 17.46.

இதெல்லாம் எடுத்துவிட்டுச் சொல்லுங்கள், கணக்குப் போடலாம்.

நெடுஞ்சாலைக்காரி

வெர்னியர் சொன்னதோடு இன்னொன்று. காற்றை வெளியேற்றத் திறக்கும் பிளீட் நிப்பிள் காலிப்பரின் மேல் முனையில் இருக்கிறதா, கீழ் முனையில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போடுபவர்கள் சில சமயம் இடம் வலம் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். நிப்பிள் கீழே போய்விட்டால் எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் மேலே காற்று தங்கிவிடும். அதோடு பிஸ்டன் அளவு வேறுவேறாக இருக்கும் காலிப்பரில் டிஸ்க் முதலில் நுழையும் பக்கம் சிறிய பிஸ்டன் இருக்க வேண்டும். இடம் வலம் மாறினால் அதுவும் தலைகீழாகி, பேட் சாய்வாகத் தேயும்.

இழுக்கிற பிரச்சினைக்கு ஒரு சோதனை, வீட்டிலேயே செய்யலாம். நன்றாக இழுக்கும் நிலையில் வண்டியை நிறுத்துங்கள், சக்கரத்தைத் தூக்குங்கள். டேங்க் மேல் தண்ணீரில் நனைத்த துணி போட்டுவிடுங்கள், பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் போய்விடும். முதலில் மாஸ்டரில் ஹோஸைப் பிடித்திருக்கும் பான்ஜோ போல்ட்டை லேசாகத் தளர்த்துங்கள். சக்கரம் விட்டுவிட்டால் கோளாறு மாஸ்டரில்: அழுத்தம் திரும்பிப் போக வழியில்லை. அங்கே தளர்த்தியும் விடவில்லை, காலிப்பர் நிப்பிளைத் திறந்ததும் விட்டது என்றால் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் பிஸ்டன் இறுகியிருக்கிறது. இரண்டு காலிப்பரையும் தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே கோளாறாக இருக்க வேண்டியதில்லை.

சோதனை முடிந்ததும் போல்ட்டை முறுக்கி, ஏர் எடுத்து, லீவர் இறுகிய பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.

இரட்டைடிஸ்க்

ரொம்ப நன்றி. எல்லாம் எடுத்துவிட்டேன்.

போல்ட் தூரம் 100 மி.மீ., பக்கவாட்டு போல்ட். பிஸ்டன் பெரியது 30 சொச்சம், சிறியது 27. பெயின்ட் ரிமூவர் தடவியதும் வெளிப்பக்கம் வட்டமான நீல மூடிகள் தெரிந்தன. நிப்பிள் மேலேதான் இருக்கிறது. மாஸ்டரின் அடியில் 11/16. ஹோஸ் பழைய ரப்பர், மேலே அச்சிட்ட தேதியைப் பார்த்தால் வண்டி வந்த காலத்திலேயே போட்டது.

இழுக்கும் சோதனையில் வலது பக்கம் மாஸ்டரில் பான்ஜோ தளர்த்திய உடனே விட்டுவிட்டது. இடது பக்கம் நிப்பிளைத் திறந்தும் விடவில்லை.

வெர்னியர்

அப்படியென்றால் அடையாளம் முடிந்தது. ப்ளூ ஸ்பாட் என்று எல்லோரும் சொல்லும் காலிப்பர். 1998-இல் யமஹா ஆர்1, 1999-இல் ஆர்6 இரண்டிலும் வந்தது. பழைய வண்டிக்குப் போட நிறைய பேர் தேடிப் பிடிக்கும் நல்ல சாமான். ஒரே வார்ப்பில் செய்த உடம்பு, இரண்டு பாதியைச் சேர்க்கும் போல்ட் கிடையாது. அதனால் பிஸ்டன்கள் டிஸ்க் ஓடும் இடைவெளி வழியாகத்தான் வெளியே வரும். நீல மூடியைத் தொட வேண்டாம், சர்வீஸுக்கு அதைக் கழற்றத் தேவையில்லை.

இப்போது கணக்கு. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான்கு பிஸ்டன் என்றால் நான்கு மடங்கு பிடிக்கும் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. எதிரெதிரே பிஸ்டன் உள்ள காலிப்பரில் ஒரு பக்கத்துப் பிஸ்டன்களை மட்டும்தான் எண்ண வேண்டும். மறுபக்கத்துப் பிஸ்டன் எதிர் அழுத்தம் கொடுக்கிறது, அவ்வளவுதான். நகரும் ஒற்றைப் பிஸ்டன் காலிப்பரில் அந்த வேலையைக் காலிப்பரின் உடம்பு செய்கிறது.

உங்கள் காலிப்பரில் ஒரு பக்கம் 30.2, 27 என்று வைத்தால் பரப்பு சுமார் 1289 சதுர மி.மீ. இரண்டு காலிப்பருக்கு 2578. மாஸ்டர் 17.46 என்றால் அதன் பரப்பு 239. காலிப்பர் பரப்பை மாஸ்டர் பரப்பால் வகுத்தால் விகிதம் 10.8. அதே காலிப்பருக்கு 15.87 மாஸ்டர் போட்டால் விகிதம் 13. 14 மி.மீ. போட்டால் 16.7.

ஒப்பிட்டுப் பாருங்கள்: 38 மி.மீ. ஒற்றைப் பிஸ்டன் காலிப்பர் இரண்டு, 15.87 மாஸ்டர் என்று வைத்தால் விகிதம் 11.5 வரும். ஆக, காலிப்பரை மாற்றிப் பெரிய மாஸ்டரையும் மாட்டியதில் விரலுக்குக் கிடைக்கும் பலம் பழையதை விடக் குறைந்திருக்கிறது. நல்ல காலிப்பரின் பலன் வேறு இடத்தில் இருக்கிறது: உடம்பு வளையாது, பேட் பெரிது, அழுத்தம் பேட் முழுவதும் சமமாகப் போகும், சூட்டைத் தாங்கும். அந்தப் பலன் கைக்கு வர மாஸ்டர் பொருந்த வேண்டும்.

ஸ்பேனர்பை

அப்போது நான் சொன்னதுதானே? மாஸ்டர் பெரிது.

வெர்னியர்

மாஸ்டர் பெரிதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் 10.8 என்பது லீவரைச் சற்றுக் கடினமாக்கும், கல் ஆக்காது. இடது பக்கம் நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்கிறார். அங்கே பிஸ்டன் இறுகியிருக்கிறது. இறுகிய பிஸ்டனோடு சின்ன மாஸ்டர் போட்டால் லீவர் மென்மையாகும், அவருக்குச் சரியாகிவிட்டது என்று தோன்றும். சூடேறியதும் பழைய கதைதான். காலிப்பரை முடித்துவிட்டு மாஸ்டருக்கு வருவதுதான் வரிசை.

ரேடியல் மாஸ்டர் (சிலிண்டர் ஹேண்டிலுக்குக் குறுக்காக நிற்பது) வாங்குபவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு: அதில் லீவரின் நெம்பு விகிதம் வேறு. 19 மி.மீ. ரேடியல் மாஸ்டரை 19 மி.மீ. சாதாரண மாஸ்டரோடு வெறும் விட்டத்தை வைத்து ஒப்பிட முடியாது.

மரைபோல்ட்

இடது காலிப்பரை எப்படித் திறப்பது என்று சொல்கிறேன், இந்த வேலை எனக்குப் பிடித்த வேலை.

ஹோஸைக் கழற்றுவதற்கு முன்பே பிஸ்டனைத் தள்ளுங்கள். ஹோஸைக் கழற்றிவிட்டால் லீவரிலிருந்து வரும் அழுத்தம் போய்விடும். காலிப்பரைப் போல்ட்டிலிருந்து எடுத்து, பேடை எடுத்து, நடுவில் ஒரு மரத் துண்டு வைத்து லீவரை மெதுவாக அழுத்துங்கள். எந்தப் பிஸ்டன் வருகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று கண்ணால் பாருங்கள். வந்த பிஸ்டனைச் சின்னக் கிளாம்பு போட்டு நிறுத்திவிட்டு மறுபடி அழுத்தினால் அழுத்தம் முழுவதும் நின்ற பிஸ்டனுக்குப் போகும். மாஸ்டரில் ஆயில் குறையாமல் ஊற்றிக்கொண்டே இருங்கள்.

அப்படியும் வரவில்லை என்றால் காலிப்பரை இறக்கி, ஹோஸ் மாட்டும் துளையில் கிரீஸ் கன் பொருத்தி அடிக்கலாம். கிரீஸ் மெதுவாகத் தள்ளும், பிஸ்டன் பறக்காது. கம்ப்ரசர் காற்றில் பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு வேகத்தில் வரும், விரல் நடுவில் இருந்தால் நசுங்கிவிடும். கிரீஸ் பட்ட ரப்பர் எல்லாம் குப்பைக்கு, உள்ளே ஒரு துளி கிரீஸ் மிச்சம் இருக்கக் கூடாது. சாதாரண கிரீஸ் பட்டால் பிரேக் சீல் ஊதிவிடும்.

பிஸ்டனின் வெளிப்பக்கத்தைப் பிளையரால் பிடிக்காதீர்கள். பிடிப்பதென்றால் உள் குழியில்.

இரட்டைடிஸ்க்

திறந்துவிட்டேன். இடது பக்கம் பெரிய பிஸ்டன் இரண்டும் அசையவே இல்லை, கிரீஸ் கன்தான் கை கொடுத்தது. வெளியே எடுத்த பிஸ்டன் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு புள்ளி துரு இல்லை. ஆனால் சீலை எடுத்ததும், அது உட்காரும் பள்ளமான காடியின் அடியில் வெள்ளையாக, உப்புப் பொரிந்தது போல ஒன்று கெட்டியாகப் பிடித்திருக்கிறது. சீலே நிமிராமல் ஒரு பக்கம் மேடாக உட்கார்ந்திருந்தது. இதுதான் பிஸ்டனைப் பிடித்ததா?

மரைபோல்ட்

அதேதான். அது அலுமினியம் அரித்து வந்த ஆக்சைடு. காடியின் அடியில் வளர்ந்து சீலை உள்ளிருந்து வெளியே தள்ளும், சீல் பிஸ்டனை நெரிக்கும். புதுச் சீல் போட்டாலும் காடி சுத்தமில்லை என்றால் புதுச் சீலும் நெரிக்கும். "சீல் மாற்றிவிட்டேன், இன்னும் இழுக்கிறது" என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தைத்தான் விட்டிருப்பார்கள்.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் கிடையாது. அந்தச் சதுர விளிம்புச் சீல்தான் ஸ்பிரிங். லீவரை அழுத்தும்போது பிஸ்டனோடு சேர்ந்து கொஞ்சம் வளையும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னால் இழுக்கும். சீல் வளைய இடம் இல்லாவிட்டால் பிஸ்டன் திரும்பாது, பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும்.

காடியைச் சுரண்டப் பித்தளைக் கம்பியையோ கெட்டி பிளாஸ்டிக்கையோ நுனி வளைத்து வைத்துக்கொள்ளுங்கள். இரும்பு ஊசி வேண்டாம், அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அந்த வழியே கசியும். மூலைகளில் பொறுமையாகச் சுரண்டுங்கள். விரல் நகத்தால் தடவினால் எங்கேயும் தட்டக் கூடாது. வெளிக்காடியையும் விடாதீர்கள், தூசிச் சீல் உட்காரும் இடம் அது. தண்ணீர் முதலில் நுழைவதே அங்கேதான்.

பிஸ்டனில் சீல் உரசும் பட்டையில் குழி இருந்தால் பிஸ்டன் மாற்ற வேண்டும். பேட் பக்கம் வெளியே நிற்கும் விளிம்பில் மட்டும் கறை என்றால் பரவாயில்லை. உப்புத்தாள் வைத்துத் தேய்க்க வேண்டாம், மேல்பூச்சு போய்விடும்.

சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்தோ, சிவப்பு ரப்பர் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவியோ போடுங்கள். பிஸ்டன் இரண்டு கட்டைவிரல் அழுத்தத்தில் நேராக இறங்க வேண்டும். சாய்ந்தால் எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள், தட்டாதீர்கள். வலது காலிப்பரையும் இதே போலச் செய்துவிடுங்கள், அதற்கும் அதே வயதுதான்.

நெடுஞ்சாலைக்காரி

இப்போது மாஸ்டர் பக்கம். வலது காலிப்பர் பான்ஜோ தளர்த்தியதும் விட்டது என்றீர்கள், அந்த விவரம் முக்கியம். ஆயில் தொட்டியின் அடியில் இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று பெரிது, இன்னொன்று ஊசி முனை அளவு. லீவரை விட்டிருக்கும்போது அந்தச் சின்னத் துளை திறந்திருக்க வேண்டும். சூட்டில் ஆயில் விரியும்போது அது வழியாகத்தான் தொட்டிக்குத் திரும்பும். அது அடைத்தால், அல்லது மாஸ்டரின் பிஸ்டன் முழுதாகத் திரும்பாமல் அதை மூடி நின்றால், விரிந்த ஆயில் பேடை அழுத்தும். டிஸ்க் இன்னும் சூடாகும், ஆயில் இன்னும் விரியும். நீங்கள் சொன்ன அரை மணி நேரக் கதை இதோடு அப்படியே பொருந்துகிறது.

துளையை மெல்லிய செப்புக் கம்பி இழையால் சுத்தம் செய்யுங்கள், பெரிதாக்கிவிடாதீர்கள். அதைவிட எனக்கு அந்தக் குட்டை லீவர் மேல்தான் சந்தேகம். லீவரின் முனை மாஸ்டர் பிஸ்டனைத் தொடும் இடத்தில் ஒரு சின்ன இடைவெளி இருக்க வேண்டும். லீவரை லேசாக ஆட்டினால் பிஸ்டன் நகராமல் லீவர் மட்டும் ஒரு துளி ஆட வேண்டும். வெளியே வாங்கும் லீவர் சிலவற்றில் அந்த மூக்கு கொஞ்சம் நீளமாக இருக்கும். எப்போதும் பிஸ்டனை அழுத்தியபடியே நிற்கும்.

இரட்டைடிஸ்க்

அக்கா, நீங்கள் சொன்னது சரி. லீவரில் துளிகூட ஆட்டம் இல்லை. லீவரைக் கழற்றிப் பார்த்தால் மாஸ்டர் பிஸ்டன் இன்னும் கொஞ்சம் வெளியே வருகிறது. தொட்டி மூடியைத் திறந்து வைத்துப் பார்த்தேன். லீவர் இல்லாமல் பிஸ்டனை லேசாகத் தள்ளினால் சின்னத் துளையிலிருந்து ஆயில் சிறிதாகக் கொப்பளிக்கிறது. லீவரை மாட்டி அழுத்தினால் ஒன்றும் வருவதில்லை.

நெடுஞ்சாலைக்காரி

அந்தக் கொப்பளிப்புதான் துளை திறந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். மாஸ்டர் எப்படியும் மாற்றப் போகிறீர்கள். புது மாஸ்டருக்கு அதனுடன் வரும் லீவரையே போடுங்கள்.

ஸ்பேனர்பை

எந்த அளவு மாஸ்டர் சொல்வீர்கள்? இன்னொன்று, பிரேக் ஆயிலில் டாட் 5 வகை போட்டால் பெயின்ட்டை அரிக்காது, தண்ணீரையும் இழுக்காது. பழைய வண்டிக்கு அது நல்லதில்லையா?

வெர்னியர்

15.87-இல் ஆரம்பியுங்கள். லீவர் உறுதியாகவும் இருக்கும், இரண்டு விரலில் பிடிக்கவும் செய்யும். 14 போட்டால் பலம் கூடும், லீவரின் ஓட்டமும் கூடும். பழைய மெல்லிய ஃபோர்க்குக்கு அவ்வளவு கூர்மையான பிரேக் எனக்குப் பிடிக்காது. அது என் விருப்பம்.

டாட் 5 வேண்டாம். அது சிலிகான். தண்ணீரை இழுக்காது என்பது உண்மைதான், ஆனால் தண்ணீர் உள்ளே வராது என்று அர்த்தமில்லை. வந்த தண்ணீர் கலக்காமல் கீழே, காலிப்பரில் போய்த் தங்கும். அங்கேதான் சூடு அதிகம். 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிட்டால் லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். டாட் 3, 4, 5.1 மூன்றும் கிளைக்கால் வகை, தண்ணீரைத் தன்னோடு கலந்துகொள்ளும். டாட் 4-க்குக் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த பிறகு 155. இதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றச் சொல்கிறார்கள், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். 5-ஐயும் 5.1-ஐயும் பெயர் ஒற்றுமையால் குழப்பிக் கலந்துவிடாதீர்கள். இரண்டும் சேரவே சேராது.

மரைபோல்ட்

ஹோஸை மாற்றாமல் இதையெல்லாம் மாட்டாதீர்கள். இவ்வளவு வயதான ரப்பரில் இனி நம்பிக்கை வைக்க முடியாது. எஃகுப் பின்னல் ஹோஸ் போடுங்கள். பான்ஜோ போல்ட் வாங்கும்போது மரையைப் பாருங்கள்: ஜப்பானிய காலிப்பரில் பெரும்பாலும் எம்10, 1.25 பிட்ச். பிரெம்போவில் பெரும்பாலும் 1.0. தவறானது முதல் இரண்டு சுற்று இறங்குவது போல இறங்கும், அப்புறம் அலுமினிய மரையைச் சாப்பிட்டுவிடும். கையால் முழுதும் இறங்கினால்தான் ஸ்பேனர். செப்பு வாஷர் ஒவ்வொரு தடவையும் புதிது.

அந்த பிராக்கெட்டையும் ஒரு முறை நன்றாகப் பாருங்கள். பிரேக் பிடிக்கும் பலம் முழுவதையும் தாங்குவது அந்த அலுமினியப் பட்டைதான். துளை ஓரத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா, போல்ட் மரை முழு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறதா, டிஸ்க் காலிப்பரின் நடுவில் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் வாஷர் அடுக்கிச் சமாளிக்காமல் சரியான தடிமனில் ஸ்பேசர் கடைந்து போட வேண்டும். பேடின் வெளி விளிம்பு டிஸ்க்கைத் தாண்டி வெளியே நீட்டவும் கூடாது.

இரட்டைடிஸ்க்

டிஸ்க் பழையதுதான். உள்ளே வெளியே விளிம்பு தூக்கி நிற்கிறது. அளப்பது எப்படி? பேட் எது வாங்குவது?

வெர்னியர்

வெர்னியரை வைத்தால் அந்த விளிம்பில் முட்டி அதிகமாகக் காட்டும். மைக்ரோமீட்டர் வைத்து, பேட் உரசும் நடுப்பட்டையில் சுற்றிலும் பல இடத்தில் எடுங்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் விவாதமே இல்லை, புதிது. நெளிவை டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். எவ்வளவு வரை அனுமதி என்று அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும்.

பேடின் முதுகில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும், ஜிஜி, எச்எச் என்று. முதல் எழுத்து குளிர்ந்த நிலையில் உராய்வு, இரண்டாவது சூடான நிலையில். ஜி என்றால் உராய்வுக் கெழு 0.45 முதல் 0.55, எச் என்றால் 0.55 முதல் 0.65. உங்கள் எஃகு டிஸ்க்குக்கு எச்எச் சின்டர்டு (உலோகத் தூளை இறுக்கிச் செய்த) பேட் போடலாம். இதைப் படிப்பவர்களில் பழைய இத்தாலிய வண்டியில் வார்ப்பிரும்பு டிஸ்க் வைத்திருப்பவர்கள் சின்டர்டு போட வேண்டாம், டிஸ்க்கைத் தின்றுவிடும். மென்மையான ஆர்கானிக் பேட் போதும்.

இரட்டைடிஸ்க்

எல்லாம் மாட்டியாகிவிட்டது. டிஸ்க் அளவுக்குள் இருந்தது. 5/8 மாஸ்டர், புது ஹோஸ், புது சீல், புது பேட். சக்கரம் கையால் சுற்றினால் தாராளமாக ஓடுகிறது. ஆனால் லீவர் கொஞ்சம் ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கிறது. நிப்பிளில் இனி குமிழே வரவில்லை.

நெடுஞ்சாலைக்காரி

காற்று மேலேயே இருக்கும், மாஸ்டரின் பான்ஜோ பக்கம். அதுதான் இருப்பதிலேயே உயரமான இடம். ஹேண்டிலைத் திருப்பி, மாஸ்டர் தொட்டிப் பக்கம் உயர்ந்து நிற்கும்படி வைத்து, லீவரை நுனியளவு மட்டும் பலமுறை தட்டுங்கள், ஹோஸையும் விரலால் சுண்டுங்கள். தொட்டியில் சின்னக் குமிழ்கள் எழும்பும். மிச்சத்துக்கு, பான்ஜோவைத் துணியால் சுற்றிக்கொண்டு, லீவரை அழுத்திப் பிடித்தபடி ஒரு கணம் தளர்த்தி, லீவரை விடுவதற்கு முன் முறுக்கிவிடுங்கள். இரவு முழுவதும் லீவரைக் கட்டி வைப்பதும் பலருக்கு உதவுகிறது.

இரட்டைடிஸ்க்

பான்ஜோவில்தான் இருந்தது. இப்போது லீவர் கெட்டியாக நிற்கிறது, அழுத்த அழுத்தப் பிடிப்பு கூடுகிறது. நீண்ட தூரம் ஓட்டிவிட்டு வந்து சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினேன், இழுக்கவில்லை. இனி எப்போது திறக்க வேண்டும்?

மரைபோல்ட்

முழுதாகத் திறக்க அவசரமில்லை. ஆனால் ஒவ்வொரு தடவை பேட் மாற்றும்போதும் பிஸ்டனைத் தேய்க்காமல் உள்ளே தள்ளாதீர்கள். வெளியே கொஞ்சம் வர வைத்து, சோப்புத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் வைத்து அழுக்கைக் கழுவி, துடைத்து, அப்புறம் தள்ளுங்கள். அழுக்கோடு தள்ளினால் அது நேராகத் தூசிச் சீலுக்குள் போகும். பேட் பின்னையும் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்கான கிரீஸ் ஒரு துளி தடவுங்கள். மழையில் நிறைய ஓட்டினால் இன்னும் அடிக்கடி.

புது பேட் என்பதால் முதலில் மிதமான வேகத்திலிருந்து மெல்ல மெல்லப் பிடித்துப் பழக்குங்கள், இடையில் ஆற விடுங்கள். சக்கரத்தையோ காலிப்பரையோ கழற்றி மாட்டிய எந்த நாளிலும், வண்டியை நகர்த்துவதற்கு முன் லீவரை இறுகும் வரை அடித்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உள்ளே போயிருக்கும், முதல் அழுத்தத்தில் பிரேக் இருக்காது.

ஸ்பேனர்பை

ஒரு கேள்வி, இவருக்கு மட்டுமில்லை. புது ஹோஸ் நீளம் எப்படி முடிவு செய்வது?

மரைபோல்ட்

முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க் முழுதாக நீண்டிருக்கும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முட்டத் திருப்பிப் பாருங்கள். எந்த நிலையிலும் ஹோஸ் இழுபடக் கூடாது. அப்புறம் ஃபோர்க்கை அழுத்தி, டயரிலோ மட்கார்டிலோ உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எஃகுப் பின்னல் ஹோஸ் உரசும் இடத்தை ரம்பம் போல அறுத்துவிடும், அதனால் மேலே பிளாஸ்டிக் உறை உள்ளதாக வாங்குங்கள்.